சொட்டாத மூக்கு

கெட்டிலிலிருந்து கோப்பையில் டீயை ஊற்றிவிட்டுக் கெட்டிலை நிமிர்த்தும்போது கவனித்திருக்கிறீர்களா? கடைசிச் சொட்டு ஒன்று மூக்கின் நுனியில் நின்று சற்று யோசிக்கும். அது கோப்பைக்குள் விழலாம், கெட்டிலுக்குள்ளேயே திரும்பலாம். இரண்டையும் செய்யாது. மூக்கின் அடிப்புறமாக ஊர்ந்து, கெட்டிலின் வயிற்றைக் கடந்து, மேசைவிரிப்பில் இறங்கி வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலானவர்கள் ஒரு துணியால் துடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் அந்தச் சொட்டோடு ஆறு வருடம் மல்லுக்கு நின்றார்.

வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் வடிவமைப்பாளர். தொழிற்சாலையில் அவரை மூக்குக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய சொந்த மூக்கு மிகச் சாதாரணமானது. கண்ணாடி அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கும் ஒரு கொக்கி செய்யப்போவதாகப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வயதில் அவர் செய்த முதல் கருவி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. கதவில் ஒரு கயிறு, கயிற்றை நிலையின் மேல் ஓர் உருளை வழியாக விட்டு மறுமுனையில் ஒரு செங்கல். கதவைத் திறந்தால் செங்கல் மேலே போகும், கையை விட்டால் செங்கல் கீழே வரும், கதவு சாத்திக்கொள்ளும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் செங்கல் மெதுவாக இறங்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்பிய அப்பாவைக் கதவு வாசலில் தள்ளிவிட்டு, அவருடைய ஒரு செருப்பை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டது.

இருபத்து நான்கு வயதில் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே முதலில் செய்தது மடக்கு முக்காலி. நூறு கிலோ மணல் மூட்டையை அதன்மேல் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். முக்காலி அசையவே இல்லை. பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து தன் தாய்மாமாவை உட்காரச் சொன்னார். மாமா உட்கார்ந்தார், கால்மேல் கால் போட்டார், பேப்பரை எடுக்கக் கொஞ்சம் சாய்ந்தார். முக்காலி மாமாவை உள்ளே வைத்தே மடங்கிக்கொண்டது. மணல் மூட்டை கால்மேல் கால் போடாது, பேப்பர் படிக்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாமா அதற்குப் பிறகு அவர் வீட்டில் நின்றபடியேதான் பேசுவார்.

பிறகு துணி காயப்போடும் கிளிப் ஒன்று செய்தார். சாதாரணக் கிளிப்பின் இரண்டு பற்களும் நேருக்கு நேர் கடிக்கும். அதனால் சட்டையின் தோளில் தடம் விழும். இவர் ஒரு பல்லை மட்டும் வளைத்து, துணி அந்த வளைவில் லேசாகச் சுற்றி நிற்கும்படி செய்தார். பிடி அதே பிடி, தடம் மட்டும் இல்லை. அது நன்றாக விற்றது. அதற்குப் பரிசாக நிர்வாகம் அவருக்குத் தனியாக ஓர் அறை கொடுத்தது. மாதிரி அறை என்று அதற்குப் பெயர். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், நீள மேசை, ஒரு சின்னக் கடைசல் இயந்திரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அரங்கள். அந்த அறையில்தான் அவருடைய மிச்ச ஆயுள் ஓடியது. கெட்டில் பிறந்ததும் அங்கேதான்.

இப்போது அந்தச் சொட்டின் கதைக்கு வருவோம். டீ வேகமாக வெளியே வரும்போது அதன் வேகமே அதை மூக்கைத் தாண்டித் தூக்கி எறிந்துவிடும். வேகம் குறைந்தால் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் ஜெயித்துவிடும். டீ விளிம்பைச் சுற்றி வளைந்து அடிப்புறமாக இறங்கும். விளிம்பு தடிமனாக, உருண்டையாக இருந்தால் வளைவது அதற்குச் சுலபம். மெல்லியதாக, கூர்மையாக இருந்தால் திரும்ப முடியாமல் அறுந்து விழும். மூக்குக்காரர் விளிம்பை மெலிதாக்கினார், நுனியைக் கீழ்நோக்கி வளைத்தார், வாயை அழகான முழு வட்டமாகச் செய்தார். அந்த வட்டத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பௌர்ணமி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்.

சோதிக்க ஓர் இயந்திரமும் கட்டினார். மோட்டாரில் சுழலும் ஒரு முட்டை வடிவத் தகடு. அதன் கூரான பக்கம் மேலே வரும்போது கெட்டிலின் பின்புறத்தைத் தூக்கும், கெட்டில் சாய்ந்து ஊற்றும். கூர் கடந்துபோனதும் கெட்டில் நிமிரும். கீழே வெள்ளை மையொற்றுத் தாள். தண்ணீரை வைத்து ஏமாற்றுகிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. சுடச்சுட டீதான். பத்தாயிரம் கோப்பை ஊற்றியும் தாளில் ஒரு புள்ளி இல்லை. அந்தத் தாளைச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார். பார்க்க வருகிறவர்களுக்கு அது வெறும் வெள்ளைத் தாள்.

கெட்டில் கடைக்குப் போனது. மூன்று மாதத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. சொட்டுகிறது. சொட்டுகிறது. வழிகிறது. ஒருவர், "பெட்டியின் மேல் 'சொட்டாது' என்று போட்டிருக்கிறீர்களே, அது பெட்டியைப் பற்றியா?" என்று கேட்டிருந்தார். ஒரு பெண்மணி கடிதம் எழுதவில்லை. மேசைவிரிப்பையே மடித்துப் பார்சலில் அனுப்பிவிட்டார். ஒரு வருடம் முடிவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்.

மூக்குக்காரர் ஒவ்வொரு முறையும் திருப்பி வந்த கெட்டிலை இயந்திரத்தில் மாட்டி ஓட்டுவார். ஒரு சொட்டும் விழாது. ஜனங்களுக்கு ஊற்றத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, எப்படி ஊற்ற வேண்டும் என்று நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினார். படங்களோடு.

அந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு புதன்கிழமை மேலாளர் அம்மா மாதிரி அறைக்கு வந்தார். அதிகம் பேசாதவர். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் கெட்டிலை நிறுத்திவிடுவார்கள். கெட்டில் நின்றால் மாதிரி அறையும் தேவையில்லை. அதை அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாக்கிவிட்டு, அவரை ஓய்வுபெறும் வரை அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

"டீ ஊத்தறதுக்குப் பாடம் படிக்கணும்னா யார் சார் வாங்குவாங்க?" என்று கேட்டுவிட்டு, கையேட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முப்பது வருட நண்பரான அச்சுக்காரர் அப்போது அங்கேதான் இருந்தார். தொழிற்சாலையில் சாமான்களுக்கு வடிவம் தரும் எல்லா அச்சுகளையும் வெட்டுகிறவர். அட்டைப்பெட்டிப் பிரிவில் நல்ல காற்று வரும் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தார். மூக்குக்காரர் அரத்தை எடுத்தார். விளிம்பை இன்னும் மெலிதாக்கினால் சரியாகிவிடும் என்பது அவர் நினைப்பு. வியாழன் முழுக்க அராவினார், வெள்ளி முழுக்க அராவினார். சனிக்கிழமை மத்தியானம் கெட்டிலின் மூக்கு காய்கறி நறுக்குகிற பதத்துக்கு வந்துவிட்டது. துணியால் துடைத்தபோது மூக்கு அவருடைய வலது உள்ளங்கையை நறுக்கியது. மூன்று தையல். டாக்டர், என்ன பட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கெட்டில் என்று கேட்டதும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பயந்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாணவர் ஒருவர், ஒரு பல் டாக்டர், நன்றி சொல்ல வீட்டுக்கு வருவதாக இருந்தது. நான்கு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்று ஐந்தாவது முறை தேறியவர். தானே காரை ஓட்டிக்கொண்டு அக்காவோடு வந்தார். வாசலில் இருந்த பூந்தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அக்கா இறங்கியதும் முதலில் உறுதிசெய்துகொண்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் விருந்தாளி வந்தால் டீ ஊற்றுவது எப்போதும் மூக்குக்காரர்தான். வேறு யாரும் கெட்டிலைத் தொட முடியாது. "பாருங்க, சொட்டுதா?" என்று கேட்டபடி, கெட்டிலை ஒரே வீச்சில் சாய்த்து, கோப்பை நிறைந்ததும் ஒரே வெட்டில் நிமிர்த்துவார். எதிரில் இருப்பவர் பாதிக் கோப்பைதான் கேட்டிருப்பார். அதையெல்லாம் அவர் காதில் வாங்குவதில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். ஆக, இந்தக் கெட்டில் பிறந்த நாளிலிருந்து அவர் கண்முன்னால் இரண்டே இரண்டு கைகள்தான் அதைச் சாய்த்திருக்கின்றன. ஒன்று அவருடைய கை. இன்னொன்று இயந்திரத்தினுடையது.

அன்று வலது கை கட்டோடு மடியில் கிடந்தது. இடது கையால் கெட்டிலை எடுக்கப் போனார்.

"அதை வைங்க," என்றாள் மனைவி. "அவர் பல்லுதான் பார்ப்பார். கை போனா தைக்க மாட்டார்."

அவள் கெட்டிலை எடுத்தாள். பல் டாக்டரின் கோப்பையில் ஊற்றத் தொடங்கினாள். கால் கோப்பை ஆனதும் டாக்டர் இரண்டு கையையும் நீட்டி, போதுங்க போதுங்க என்றார். அவள் நிறுத்தி, இதென்ன, நாக்குகூட நனையாதே என்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவர் மறுபடி போதும் என்றார். நிறுத்தினாள். அக்கா, "அவனுக்கு ஊத்துங்க, கூச்சப்படறான்" என்றார். இன்னும் துளி ஊற்றினாள். அடுத்து அக்காவின் முறை. அவர் கோப்பையின் மேல் கையை வைத்து மூடினார். விரல்களுக்கு நடுவே வழி கேட்டு, கெஞ்சி, ஒரு மெல்லிய நூலாக ஊற்ற வேண்டியிருந்தது.

மூக்குக்காரர் குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து, கெட்டிலின் அடிப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு "போதும்" சொல்லும்போதும் ஒரு சொட்டு விளிம்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. ஆறு போதும், ஆறு சொட்டு. மேசைவிரிப்பில் ஒரு சின்னக் குளம்.

"என்ன தேடறார்?" என்று அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேலையைத் தேடறார்," என்றாள் மனைவி. "நாளைக்கு இருக்கா போகுதான்னு தெரியல."

அவர் தலையை நிமிர்த்தாமலே, அவள் ஊற்றினால் எப்போதுமே இப்படித்தான் சொட்டுமா என்று மனைவியைக் கேட்டார். எப்போதுமே இப்படித்தான் என்றாள் அவள். அவர் வேலைக்குப் போன பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றும்போதெல்லாம் அடியில் நான்காக மடித்த துணி வைத்துக்கொள்வாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னேனே. எனக்கு ஊத்தத் தெரியலன்னு சொல்லி, நாலு பக்கம் படிக்கக் கொடுத்தீங்க."

பல் டாக்டர் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். மனைவி விடவில்லை. "உங்க மிஷின் யாரையாவது போதுமான்னு கேக்குதா? அது பாட்டுக்கு ஊத்தும், நிறுத்தும். உங்களை மாதிரியே. இதோ இருக்காரே டாக்டர், இவர் பிரேக்கை எப்படி மிதிப்பார் தெரியுமா? விட்டு விட்டு விட்டு. ரோட்ல எல்லாரும் அப்படித்தான். யாரும் மிஷின் மாதிரி ஓட்றதில்ல." கடைசியாக ஒன்றைச் சேர்த்தாள். "மணல் மூட்டையை உக்கார வெச்சுட்டு மாமாவைக் கவுத்தீங்க. முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் மூட்டையைத்தான் உக்கார வெக்கிறீங்க."

வேறு யாராவதாக இருந்தால் விருந்தாளிகள் முன்னால் முகம் சுருங்கியிருக்கும். மூக்குக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. புகாருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தயக்கம். ஊற்றுகிறவரின் மரியாதை, வாங்குகிறவரின் கூச்சம், இரண்டும் சேர்ந்து டீயை மெல்லிய நூலாக்கிவிடுகின்றன. நூலுக்கு வேகம் இல்லை. வேகம் இல்லாவிட்டால் எவ்வளவு கூரான விளிம்பானாலும் டீ அதைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடும்.

காரணம் தெரிந்தது சரி, வழி? விருந்தாளிகளைக் கூச்சப்படாமல் இருக்கச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கையேடு எழுதலாமே என்றாள் மனைவி.

மழையில்லாத காலத்தில் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். அகலமான மணலில் தண்ணீர் பரவி நின்றால் அது ஓடாது, தேங்கும். அதே கொஞ்சம் தண்ணீர் நடுவில் ஒரு குறுகிய பள்ளத்தில் சேர்ந்தால் சுறுசுறுப்பாக ஓடும். பௌர்ணமி வாய் அகலமான மணல். கொஞ்சம் டீ வந்தால் அந்த வட்டத்தின் அடியில் பரவி, மெலிந்து, சோம்பி நின்றது. அடியை மட்டும் ஒரு குறுகிய பள்ளமாக்கிவிட்டால், எவ்வளவு கொஞ்சமாக வந்தாலும் டீ அந்தப் பள்ளத்தில் ஒன்றுகூடி, ஆழமாக, வேகமாக வந்து குதித்துவிடும். நிறைய வந்தால் மேலே வட்டம் இருக்கவே இருக்கிறது.

இடுக்கியை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்த பிறகு இடது கையில் அதைப் பிடித்தபடி வெகுநேரம் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் அராவிய வட்டம். மனைவி அவரை அவசரப்படுத்தவில்லை. பல் டாக்டர்தான் பொறுக்க முடியாமல், "சார், கண்ணை மூடிக்கோங்க. ஒரே நிமிஷம். வலிக்காது," என்றார்.

டாக்டரே இடுக்கியை வாங்கிக்கொண்டார். கையில் ஒரு நடுக்கம் இல்லை. ரோட்டில் இல்லாத தைரியமெல்லாம் அங்கே இருந்தது. வட்டத்தின் அடியை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல நெருக்கினார். வாய் பறவையின் அலகு மாதிரி ஆனது. கெட்டிலை மறுபடி நிரப்பி, அக்கா கோப்பையை மூட, மனைவி கெஞ்ச, ஏழு போதும் வரை எண்ணினார்கள். விரிப்பில் புதிதாக ஒன்றும் விழவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே மூக்குக்காரர் அந்தக் கெட்டிலோடு வந்து அச்சுக்காரரை மாதிரி அறைக்கு இழுத்துவந்தார். இயந்திரத்தின் முட்டைத் தகட்டைக் கழற்றச் சொன்னார். அதன் வழவழப்பான ஓரத்தில் அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளமாக அராவ வேண்டும் என்றார். பள்ளம் வரும்போது கெட்டில் சற்று இறங்கும், தயங்கும், மறுபடி சாயும்.

அச்சுக்காரர் காரணம் கேட்டார்.

"இதுக்கு மரியாதை கத்துக்கொடுக்கணும்யா."

"உனக்கே முப்பது வருஷமா முடியல," என்றபடி அச்சுக்காரர் அரத்தை எடுத்தார்.

பத்தரை மணிக்கு இயந்திரம் முதல்முறையாகத் தயங்கித் தயங்கி ஊற்றியது. முதலில் பௌர்ணமி வாய்க் கெட்டிலை மாட்டினார்கள். தாளில் புள்ளிகள் விழுந்தன, கோடு விழுந்தது, பிறகு ஒரு தேசப்படமே விழுந்தது. பார்சலில் வந்த மேசைவிரிப்பு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த கறைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அடுத்து அலகு வாய்க் கெட்டிலை மாட்டினார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

கூட்டத்தில் மேலாளர் அம்மாவும் விற்பனைப் பிரிவுத் தலைவரும் மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக்காரர் இரண்டு கெட்டில்களை வைத்தார். பழக்கதோஷத்தில் இடது கை தானாக நீண்டது. கூட வந்திருந்த அச்சுக்காரர் மேசைக்கு அடியில் அவர் காலை நன்றாக மிதித்தார். கை திரும்பி வந்துவிட்டது.

"மேடம், நான் ஊத்தக் கூடாது," என்றார் மூக்குக்காரர். "அதான் இவ்வளவு நாளா தப்பு. நீங்க ஊத்துங்க. அவருக்கு."

மேலாளர் அம்மா முதலில் பௌர்ணமியை எடுத்தார். விற்பனைத் தலைவர் மேலதிகாரி கையால் டீ வாங்கிப் பழக்கமில்லாதவர். பாதி எழுந்து, நான் ஊற்றிக்கொள்கிறேன் மேடம், போதும் மேடம், ஐயோ போதும் மேடம் என்று நெளிந்தார். இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. கூட்டத்தின் அறிக்கைத்தாளில் நான்கு வட்டம் விழுந்தது. அடுத்து அலகு. அவர் இன்னும் அதிகமாக நெளிந்தார். மேலாளர் அம்மா ஐந்து முறை நிறுத்தி ஐந்து முறை ஊற்றினார். பிறகு கெட்டிலைத் தூக்கி, அடிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது.

"காரணம் என்னன்னு ஒரு வரியில சொல்லுங்க."

"மிஷினுக்குக் கூச்சம் இல்ல மேடம். ஜனங்களுக்கு இருக்கு."

மேலாளர் அம்மா சிரிப்பதை அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள். பழைய வாயை நிறுத்திவிட்டுப் புது வாயை உடனே அச்சில் ஏற்றச் சொன்னார். மாதிரி அறை மாதிரி அறையாகவே இருக்கும், ஆனால் இனி எந்தச் சாமானையும் அதைச் செய்தவர் கையில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்றார். கடைசியாக, அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மூக்குக்காரரே பதில் எழுத வேண்டும், அவர்களுக்கு ஊற்றத் தெரியும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றார். வலது கை ஆறட்டும் என்று அவர் கேட்டதற்கு, இடது கையால் எழுதினால்தான் மன்னிப்பு மாதிரித் தெரியும் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், நடந்ததை முட்டைத் தகடு முதல் மேலாளர் சிரிப்பு வரை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி கேட்டபடியே, அவர் திரும்ப எடுத்துவந்திருந்த அலகு வைத்த கெட்டிலில் டீயை நிரப்பி மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. தன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். கோப்பைக்கு அடியில் மட்டும் பழக்கத்தில் ஒரு மையொற்றுத் தாளை வைத்தார்.

அவள் ஊற்றினாள். பாதி நிறைந்தது.

"போதும்," என்றார் அவர்.

அவள் கை நின்றது. இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. அது நிஜமாகத்தான் வந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். போதும் என்றார் மறுபடி. இன்னும் கொஞ்சம். போதும்மா. இன்னும் கொஞ்சம். முக்கால் ஆனது, முழுதும் ஆனது, கோப்பையின் விளிம்புக்கு மேல் டீ வீங்கி நின்று, ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. தாளில் ஒரு பழுப்பு வட்டம் பரவியது.

மூக்குக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தார். பிறகு கெட்டிலின் அடிப்புறத்தை விரலால் தடவினார். காய்ந்திருந்தது.

"இது என்னுது இல்ல," என்றார். "கோப்பை யார் செஞ்சாங்க?"